கடைசிக் கை

க்ரோனிங்கன் நகரத்தைத் தாண்டி வடக்கே போகப் போக மரங்கள் குறைந்தன. அப்புறம் வீடுகளும் குறைந்தன. கடைசியில் கடலோர அணைக்கட்டும் அதன்மேல் கவிந்திருந்த மூடுபனியும்தான் மிச்சம். அணைக்கட்டின் அடிவாரத்தில், பனிக்குப் பயந்து பதுங்கியது போல, வீர்ஸ்மா வீடு நின்றது. உயரமான ஜன்னல்கள், கறுத்துப்போன செங்கல், ஒரு பக்கமாகச் சாய்ந்த புகைபோக்கி.

நெல்லெகா காரை நிறுத்தினாள். பக்கத்தில் அவள் கணவன் யோரிட் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தான்.

"இதைவிடத் தள்ளி ஒரு வீடு கிடைக்கலையா உனக்கு? இன்னும் கொஞ்சம் போயிருந்தா கடல்ல விழுந்திருப்போம்."

"நீதானே வரேன்னு அடம் பிடிச்ச? மேல்வீட்டுக்காரர் தரையை இடிக்காத இடமா வேணும்னு."

யோரிட்டின் செல்லோ பின் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. வசந்தத்தில் அவனுடைய முதல் தனிக் கச்சேரி. ஊரும் உறவும் இத்தனை வருஷமாக எதற்காகக் காத்திருந்ததோ, அது. நெல்லெகாவுக்குப் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் வேலை; இங்கே அழைத்திருந்ததும் அதற்காகத்தான். அவர்கள் ஊரான ஹார்லெமில் அவள் கைபடாத பழைய படம் குறைவு. ஆனால் தனக்கென்று ஒரு படம் வரைந்து அவள் சுவரில் மாட்டியதில்லை. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரி அலெய்டா வீர்ஸ்மா. எழுபதைத் தொட்டவர், நெட்டையானவர், நீல ஏப்ரன் கட்டியிருந்தார். இடது கையால் கதவைப் பிடித்திருந்தார். வலது கை ஏப்ரன் பைக்குள் இருந்தது.

"மோய்," என்றார். அந்தப் பக்கத்தில் வா என்பதற்கும் போ என்பதற்கும் அந்த ஒரு சொல்தான்.

சமையலறையில் இடது கையாலேயே காபி ஊற்றினார். டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கெட் கொடுத்துவிட்டு மூடி, அலமாரியில் வைத்தார்.

"டப்பாவைப் பூட்டலை, அதுவரைக்கும் சந்தோஷம்," என்று யோரிட் காதோடு சொன்னான். நெல்லெகா அவன் காலை மிதித்தாள்.

பிறகு அந்த அறை.

கதவு திறந்ததுமே முகத்தில் அடித்தது வண்ணம் குழைக்கும் ஆளி எண்ணெய் வாசனை. அப்போதுதான் தூரிகையைக் கழுவாமல் யாரோ எழுந்து போன மாதிரியான பச்சை வாசனை.

"சமீபத்துல யாராவது இங்க வரைஞ்சாங்களா, மெவ்ரோவ்?" என்று அந்நாட்டு மரியாதைச் சொல்லால் அழைத்துக் கேட்டாள் நெல்லெகா.

"இருநூறு வருஷத்துப் பழசு அந்தப் படம்," என்றார் அலெய்டா. அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

ஒரு சுவரை முழுக்க மறைத்து, தரையிலிருந்து விட்டம் வரை இழுத்துக் கட்டிய துணி. அதில் உறைந்துபோன ஒரு நீண்ட வாய்க்கால், அழுக்கு வானம், தூரத்தில் கிராமத்தின் கோபுரம். பனிக்கட்டிமேல் மனிதர்கள் கைகோர்த்துச் சங்கிலியாகச் சறுக்கிப் போகிறார்கள். சங்கிலியின் முன்னால் கறுப்புத் தொப்பிக்காரன் ஒருவன், முதுகைக் காட்டியபடி. அவன் போகும் திசையில் பனிக்கட்டி கறுத்து, உடைந்த இடம் போலத் தெரிகிறது. சங்கிலியின் கடைசியில் ஒரு இளம்பெண். அவள் மட்டும் திரும்பி அறையைப் பார்க்கிறாள். காலியாக இருக்கும் கையை வெளியே, பார்ப்பவரை நோக்கி நீட்டியிருக்கிறாள்.

கையை அல்ல. சட்டைக் கையை. லேஸ் விளிம்போடு அது முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வெறும் துணி.

படத்தின் அடியில், கோணலாக இறங்கிய எழுத்துகளில் ஒரு வரி.

*கடைசிக் கை குறைகிறது.*

"முடிக்காமலே போயிட்டானாம் வரைஞ்சவன்," என்றார் அலெய்டா. "நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும்."

"அழுக்கை எடுப்பேன், கிழிசலைச் சரி பண்ணுவேன். இல்லாத ஒண்ணை வரையறது என் வேலையில்ல, மெவ்ரோவ்."

"பார்த்துட்டுச் சொல்லுங்க." அவர் ஏப்ரன் பைக்குள் ஏதோ லேசாக அசைந்தது. "முதல்ல எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க."

சாயங்காலம் கெட்டியான பட்டாணி சூப்பும் கம்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு நெல்லெகாவும் யோரிட்டும் அந்த வரியையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலைக்கு மெருகு கொடுத்து முடிப்பதை அந்த நாட்டில் 'கடைசிக் கை வைப்பது' என்பார்கள். தச்சன், தையல்காரி, கவிஞன், எல்லோர் வாயிலும் வரும் பேச்சு அது.

"பணிவா எழுதியிருக்கான்," என்றாள் நெல்லெகா. "நான் செஞ்சது முழுசு இல்ல, முடிச்சு வைக்கிறது கடவுள்னு. அந்தக் காலத்துல அப்படி எழுதறது உண்டு."

"நீ படிச்சவ, சுத்தி வளைச்சுப் பார்க்கிற. நேரா படிச்சுப் பாரேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு கை குறையுது. குறையுதுன்னு எழுதி வச்சிருக்கான். கடையில பால் குறைஞ்சா எழுதி வைக்கிற மாதிரி."

நெல்லெகா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அதை மறைக்க ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கி, வேண்டுமென்றே நடுவில் நிறுத்தினாள். யோரிட்டுக்கு அது ஆகாது. எந்த மெட்டையும் பாதியில் விட அவனால் முடியாது. தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து முடிப்பான். இப்போதும் வாய் நிறைய ரொட்டியோடு மீதியைப் பாடி முடித்தான்.

"கொடுமைக்காரி," என்றான்.

மறுநாளிலிருந்து வேலை. மாடியில் யோரிட் வாசிக்க, கீழே அவள் பஞ்சு சுற்றிய குச்சியால் இரண்டு நூற்றாண்டுப் புகையைத் துடைத்தெடுத்தாள். முகங்கள் வெளுத்து வந்தன. யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. பனியில் விளையாடுகிறவர்களின் முகமாக அவை இல்லை. இழுத்துப் போகப்படுகிறவர்களின் முகம்.

பூதக்கண்ணாடியை வைத்துக் கைகளைப் பார்த்தபோதுதான் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

முகம், உடை, பனி எல்லாம் ஒரே ஆள் வரைந்தது. கைகள் மட்டும் அப்படியில்லை. ஒரு கையில் வண்ணம் அப்பியிருந்தது. இன்னொன்று ஊசியால் கீறியது போல நுணுக்கமாக இருந்தது. ஒரு கையின் நிழலில் இருந்த நீலம் ஓவியன் காலத்துக்கு ரொம்பப் பிறகு வந்தது. பச்சை உடைக்காரியின் கையில் இருந்த வெள்ளை போன நூற்றாண்டில்தான் கடைகளுக்கே வந்தது.

ஒவ்வொரு கையையும் வேறு வேறு ஆள், வேறு வேறு காலத்தில் வரைந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் தெரியாத ஒரு பரபரப்பு வலது மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. காபி ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் அந்த அறைக்குப் போகத் தோன்றியது. ஆவி படிந்த ஜன்னலில் விரல் தானாகக் கோடு இழுத்தது. சூப்பில் கரண்டி கோலம் போட்டது.

"யாருக்குக் கடிதம் எழுதற?" என்று யோரிட் கேட்டபிறகுதான், மேஜைத் துணிமேல் சிந்திய மாவில் தன் விரல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

லேஸ் விளிம்பு. அதிலிருந்து ஒரு மணிக்கட்டு.

சட்டென்று அழித்தாள்.

சமையலறையில் இருக்கும்போது அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வரும். சரசரவென்று, மெல்ல. காய்ந்த தூரிகையைத் துணியில் தேய்ப்பது போல. மாடியில் செல்லோ ஒலித்துக்கொண்டிருக்கும், ஆகவே அது யோரிட் இல்லை. அலெய்டா எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் கேட்கிறது என்பது அவர் தலையை நிமிர்த்தாமல் இருப்பதிலேயே தெரியும்.

நெல்லெகா போய்க் கதவைத் திறப்பாள்.

சத்தம் நிற்கும்.

துணி மட்டும், மூச்சு விட்டு அடங்கியது போல, லேசாக உள்ளே போகும்.

மூடுபனி ஜன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்ட ஒரு மத்தியானம். பூதக்கண்ணாடியை வைத்து லேஸின் விளிம்பைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தது நினைவிருக்கிறது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது கால் வலி. ஜன்னல் வெளிச்சம் நீலமாகியிருந்தது. பக்கத்தில் வைத்த காபியில் ஆடை கட்டியிருந்தது.

வலது கையில் தூரிகை இருந்தது.

லேஸுக்கு அப்பால், வெறும் துணியாக இருந்த இடத்தில், ஒரு மணிக்கட்டும் உள்ளங்கையின் தொடக்கமும்.

ஈரமாக.

கத்த வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் பயங்கரம். அத்தனை அழகாக அவள் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. தோலுக்கு அடியில் நீல நரம்பு ஓடுவது தெரிந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் படங்களின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவளின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. இன்னும் கொஞ்சம். விரல்கள்தான் பாக்கி. முடித்துவிடேன்.

படத்துப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நெல்லெகா இடது கையால் வலது கையைப் பிடித்து, தூரிகையைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அது மறுபடி எடுத்துவிடும். பஞ்சுக் குச்சியை அழுக்கெடுக்கும் மருந்தில் தோய்த்துத் தரையில் மண்டியிட்டு, அடியில் இருந்த எழுத்துகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வரியின் இடது ஓரத்துச் சாம்பல் நிறம் ஒரே தேய்ப்பில் கரைந்து வந்துவிட்டது.

இருநூறு வருஷத்து வண்ணம் அப்படிக் கரையாது. கல்லாகியிருக்கும். இது சில வருஷங்களுக்கு முன்னால் பூசியது. ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற சாதாரண பெயின்ட்.

அதற்கடியில் ஒரு சின்னச் சொல் ஒளிந்திருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரியின் கடைசிச் சொல்லையும் துடைத்தாள். அதன் வாலும் கரைந்தது. யாரோ அதை மாற்றி எழுதியிருந்தார்கள். அந்நாட்டு மொழியில் முன்னால் 'விடு' என்ற ஒரு சொல்லை மறைத்து, பின்னால் ஒரு வாலை ஒட்டியதில் அந்த வாக்கியத்தின் பொருளே தலைகீழாகியிருந்தது.

*கடைசிக் கை குறையட்டும்.*

அது பணிவும் இல்லை, குறிப்பும் இல்லை. எச்சரிக்கை. முடிக்காதே. இது இப்படியே இருக்கட்டும்.

சமையலறையில் அலெய்டா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நெல்லெகா சாம்பல் படிந்த பஞ்சை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் பூசினது நீங்கதானே?"

அலெய்டா பஞ்சைப் பார்த்தார். ஏப்ரன் பையிலிருந்து வலது கையை எடுத்து, அடுத்தவர் பொருளை வைப்பது போல மேஜைமேல் வைத்தார். காயம் இல்லை, தழும்பு இல்லை. வெளுத்து, மெழுகு போல, அசையாமல் கிடந்தது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டாள். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீன் போலிருந்தது.

"மண்பாண்டம் பண்ணுவேன் நான்," என்றார் அலெய்டா. "கல்யாணம் ஆகி இங்க வந்தப்ப அந்தப் பச்சை உடைக்காரிதான் கடைசியா நின்னா. கையில்லாம. நான் தூரிகையைத் தொட்டவளே இல்ல. ஆனா வரைஞ்சேன். அப்படி ஒரு கை. முடிச்ச நிமிஷம் இது செத்துப்போச்சு. இது என்னோடது இல்லம்மா. என்னோடது அங்க இருக்கு."

"அப்போ அந்தச் சின்னப் பொண்ணு?"

"அதுக்கப்புறம் வந்தா. பனிக்குள்ளேயிருந்து கொஞ்சங்கொஞ்சமா. முதல்ல கறை மாதிரி இருந்துச்சு. அப்புறம் முகம். அப்புறம் அந்தச் சட்டைக் கை." அவர் இடது கையால் வலதைத் தடவினார். "என் கையை அங்க ஒருத்தன் இழுத்துக்கிட்டே இருக்கான். எந்நேரமும். உங்களுக்குப் புரியாது அது. சங்கிலி முடிஞ்சா விட்டுடுவான்னு நினைச்சேன். யாராவது ஒருத்தர் கடைசியா இருந்துதானே ஆகணும்?"

"அதுக்கு என் கையா?"

நெல்லெகா எழுந்தாள். இப்போதே கிளம்ப வேண்டும். சாமான்கள் போனால் போகட்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மாடியில் செல்லோ ஒலிக்கவில்லை.

எப்போது நின்றது?

"யோரிட்?"

வீடு பேசாமல் இருந்தது. பிறகு, நடைக்கு அப்பால், அந்தச் சத்தம்.

சரசர. சரசர.

அவள் ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. யோரிட் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான், வாசிக்கும்போது இருக்கிற அதே கவனத்தோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து. பூனையைக்கூடச் சரியாக வரையத் தெரியாதவன். அவன் கையில் அவள் தூரிகை ஓடிக்கொண்டிருந்தது.

"யோரிட், கீழே போடு அதை!"

"பாதியில நிக்குது, நெல்லெகா," என்றான். குரல் தூக்கத்தில் பேசுவது போலிருந்தது. "உன்னைக் கூப்பிடலாம்னுதான் இறங்கி வந்தேன். பார்த்தா பாதியில நிக்குது. எப்படி விட்டுட்டுப் போறது?"

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தபோது தூரிகை சுண்டு விரலின் நுனியைத் தொட்டு விலகியது.

முடிந்திருந்தது.

நீண்ட விரல்கள். செல்லோ வில்லைப் பிடிக்கிற மாதிரி லேசாக வளைந்த கட்டைவிரல். உலகத்தில் எந்தக் கூட்டத்தில் வைத்தாலும் அவள் அடையாளம் கண்டுவிடுவாள் அந்தக் கையை.

தூரிகை தரையில் விழுந்து உருண்டது. யோரிட் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான். அது பக்கவாட்டில் ஈரத் துணி போலத் தொங்கியது.

"ஏய்," என்றான் மெல்ல, அதைக் கூப்பிடுவது போல. "ஏய்."

நெல்லெகா பஞ்சை மருந்தில் முக்கி, ஈரம் காயாத அந்த விரல்களை வெறிகொண்டு தேய்த்தாள். ஒரு துளி வண்ணம்கூட வரவில்லை. பின்னால் யோரிட் அலறினான். அவன் அப்படி அலறி அவள் கேட்டதே இல்லை. தேய்ப்பதை நிறுத்தியதும் அலறலும் நின்றது.

வாசற்படியில் அலெய்டா நின்றிருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தன் வெளுத்த கையைக் கண்முன் உயர்த்திப் பிடித்து, விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றை மடக்கப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல," என்றார். குழந்தை போல அழத் தொடங்கினார். "ஒண்ணுமே ஆகலையே."

அன்றே கிளம்பிவிட்டார்கள். அணைக்கட்டுச் சாலை முழுக்க யோரிட் வலது கையை மடியில் ஏந்தியிருந்தான். பின் இருக்கையில் செல்லோ பெல்ட்டோடு வந்தது.

ஹார்லெமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மருத்துவர்கள் பார்த்தார்கள். நரம்பு நன்றாக இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது, எலும்பில் பழுதில்லை என்றார்கள். ஒருவர் மனசில்தான் ஏதோ என்று தயங்கிச் சொன்னார். கச்சேரி வேறொருவருக்குப் போனது. யோரிட் இடது கையால் ரொட்டி வெட்டப் பழகினான். சில சமயம் பழைய மாதிரி கேலிகூடச் செய்தான். "இனிமே பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டேல்ல?" என்பான். அவள் சிரிப்பாள், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அது தன் கையாக இருந்திருக்க வேண்டியது என்று எண்ணாத பொழுது அவளுக்கு இல்லை.

வசந்தத்தில் ஒருமுறை அலெய்டா தொலைபேசியில் கூப்பிட்டார். அறையைப் பூட்டி, கதவுக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டதாகச் சொன்னார். நெல்லெகா வேறெதையும் கேட்கவில்லை. புதிதாக யாராவது பனிக்குள் தெரிகிறார்களா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஜூலை வந்தது. நகரமே வெந்து, வாய்க்கால் ஓரமெல்லாம் ஜனம் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகல். யோரிட் பால்கனியில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அதன் அடியில் தரை ஈரமாக இருப்பதைப் பார்த்து நெல்லெகா குனிந்தாள்.

நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

பனித்தூள். அந்த வெயிலில் மெல்ல உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பயப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயத்தைவிட இரக்கம் பெரிதாக வந்தது. அத்தனை குளிரில் அந்தக் கை தனியாகக் கிடக்கிறதே என்றுதான் தோன்றியது. பக்கத்தில் மண்டியிட்டு, சூடேற்றலாம் என்று தன் கையை அதற்குள் கோர்க்கப் பார்த்தாள்.

முடியவில்லை. அவன் விரல்களுக்கிடையில் இடமில்லை. அவை எதையோ சுற்றி இறுக மடங்கியிருந்தன.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தன் ஒற்றை விரலை மெல்ல உள்ளே நுழைத்தாள்.

உள்ளே வேறு விரல்கள் இருந்தன. மெல்லியவை, ஜில்லென்றவை.

அவை ஒரு கணம் அசையாமல் இருந்தன.

பிறகு, அவளுக்கும் இடம் விட்டு, நகர்ந்துகொண்டன.